மலையகத்திலிருந்து அரும்பொருள் பேணல் படிக்க விரும்புகிறவர்களுக்கு

பிரஜாவுரிமைச் சான்றிதழை லெமினேட் செய்து, பொலித்தீன் பையில் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்திருக்கும் வீடுகள் மலையகத்தில் ஏராளம். பத்திரமாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் சூட்டில் உருகி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம். தாளில் இருந்த அமிலமும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுவிடும். வெளியிலிருந்து பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பழுப்பு ஏறிக்கொண்டே போகும். கிழிசலை ஒட்டவோ கறையை எடுக்கவோ யாருக்கும் வழியில்லை.

ஒரு பொருள் எதனால் கெடுகிறது, கெடுவதை எப்படித் தடுக்கலாம், இன்று நாம் செய்வதை நாளைக்கு இன்னொருவர் வந்து மாற்ற முடியுமா என்று கேட்டுக்கேட்டு வேலை செய்வதுதான் அரும்பொருள் பேணல். நூதனசாலைப் பொருட்களுக்கும் அகழ்வில் கிடைத்தவற்றுக்கும் இதைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்கலாம். மலையகப் பிள்ளைகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏன் நாம்தான் வரவேண்டும் என்பதற்கு ஒரு திகதி போதும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமைக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முற்பட்டவைக்குச் சட்டத்தின் காவல் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வரத் தொடங்கியது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆக, கழுத்தில் தொங்கிய எண் பொறித்த தகரத் துண்டு, கங்காணியின் கணக்குக் கொப்பி, பழைய செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு, கவ்வாத்துக் கத்தி, காமன் கூத்தின் உடுப்பு, தப்பு, லயத்துச் சுவரில் தொங்கிய குடும்பப் படம் என்று நம்முடைய பொருள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் கிடக்கிறது. சட்டம் தானாக வந்து காப்பாற்றாது. இவற்றைப் பேணத் தெரிந்த ஆள் நமக்குள்ளிருந்தே வரவேண்டும்.

பாடத் தெரிவு: இரசாயனவியலை விட்டுவிடாதீர்கள்

சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்குப் பாடம் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். இத்துறைக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. கலைப் பிரிவில் போய்ப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்து, பிறகு பேணலில் சிறப்புப் பயிற்சி பெறுவது ஒரு வழி. விஞ்ஞானப் பிரிவில் இரசாயனவியல் படித்துவிட்டுப் பட்டப்பின் படிப்பில் தொல்லியலுக்கும் பேணலுக்கும் திரும்புவது மற்றது.

வாய்ப்பிருந்தால் இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள் என்பேன். வரலாற்றை வாசித்துப் பிடித்துக்கொள்ளலாம். இரசாயனத்தை இருபத்தைந்து வயதில் அடியிலிருந்து தொடங்குவது சிரமம். துருவும் களிம்பும் காகிதப் பழுப்பும் எல்லாம் இரசாயனம்தான். ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் பாடசாலையில் அது இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். கலைப் பிரிவில் வரலாற்றை எடுங்கள். கூடவே சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, அமிலமும் காரமும், ஒட்சியேற்றம், கரைதிறன், உப்புகள், பல்பகுதியங்கள் ஆகிய ஐந்தையும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். பேணல் வகுப்பின் முதல் வருடம் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே ஓடும்.

விண்ணப்பம்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைக் கையில் எடுங்கள். பொதுவான அனுமதி முறையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. பாடநெறிக்குப் பாடநெறி முறை மாறும் என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் பாடநெறிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதையே நம்புங்கள், யாரோ சொன்னதை அல்ல.

பேராதனை நமக்கு வாசலிலேயே இருக்கிறது. அங்கே கலைப்பீடத்தில் தொல்லியல் துறை உண்டு. கலைப்பீடத்துக்குத் தெரிவானதும் நேரே தொல்லியல் கிடைத்துவிடாது. முதல் வருடப் பாடங்களில் அதையும் எடுத்து, நல்ல புள்ளி பெற்று, பிறகுதான் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியலைத் தமிழில் படிக்கலாம். களனியிலும், மிகிந்தலையிலுள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் துறைகள் உள்ளன. மொழிமூலத்தை விண்ணப்பிக்கும் முன்பே துறைக்கு எழுதிக் கேளுங்கள். பட்டத்துக்குப் பிறகு, களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து கொழும்பில் இயங்கும் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேணல் முதுமாணிப் படிப்பு கட்டடங்களுக்கானது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வகுப்பில் என்ன நடக்கும்

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் வரும். பேணல் படிக்கப் போனால் முதல் நாளே கத்தியும் தூரிகையும் தருவார்கள் என்று நினைத்துப் போவார்கள். தருவது பென்சிலும் அளவுகோலும் கெமராவும். பொருளைத் தொடுவதற்கு முன் அதன் நிலை அறிக்கையை எழுத வேண்டும்: எதனால் செய்தது, எப்படிச் செய்தது, எங்கே விரிசல், எங்கே கறை, முன்பு யாராவது ஒட்டியிருக்கிறார்களா, எந்தப் பசை. எழுதாமல் செய்த வேலை செய்யாத வேலைக்குச் சமம், சில வேளை அதைவிட மோசம்.

அதன் பிறகு ஒவ்வொரு பொருள்வகையும் எப்படிச் சாகிறது என்று படிப்பீர்கள். வெண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடந்த வெண்கலத்தில் குளோரைட்டு உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்றில் வைத்தால், உள்ளே பதுங்கியிருந்த செம்புக் குளோரைட்டு நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் மேலும் செம்பைத் தின்னும். மேலே வெளிர்பச்சை மாவு மாதிரிப் பூக்கும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். தொட்டால் உதிரும் அந்த வெளிர்பச்சைக்கும், இறுகிப் படிந்து உலோகத்தைக் காக்கும் கரும்பச்சைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்தான் பேணுநர். முன்னதைத் தடுக்க வேண்டும், பின்னதை விட்டுவைக்க வேண்டும். பொலன்னறுவைச் சிவாலயத்தில் 1907–08 காலத்தில் கிடைத்து இப்போது கொழும்பு நூதனசாலையிலிருக்கும் நடராசர் முதலிய திருவுருவங்களைப் பார்க்கப் போனால், இந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். நம்மவர் இத்துறைக்குப் புதியவர்களும் அல்லர்: சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இதற்கென்றே இரசாயன ஆய்வுகூடம் தொடங்கி, பச்சை படிந்த வெண்கலச் சிலைகளை மின்பகுப்பால் தூய்மையாக்கும் வேலையை முன்னெடுத்தவர் எஸ். பரமசிவன்.

இரும்பு இன்னும் பிடிவாதமானது. அகழ்வில் வந்த இரும்பு வெறும் துருக்கட்டியாகவே தெரியும். எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே கத்தியா ஆணியா என்று விளங்கும். மரம் நீருக்குள் கிடந்திருந்தால் அதை வெயிலில் உலர்த்தவே கூடாது, சுருங்கி வெடித்துவிடும்; பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகுத்தன்மையான பொருளை மெல்ல மெல்ல ஊறவைத்து நீரின் இடத்தை நிரப்புவார்கள். காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பலை ஆய்ந்தபோது, இப்படிப்பட்ட ஈரப் பொருட்களைக் கையாள நம் நாட்டவர் காலியில் பயிற்சி பெற்றார்கள்.

ஒளியையும் எண்ணிக் கணக்குப் பார்ப்பீர்கள். ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள்; துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் அளவோடு நிறுத்த வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. ஒளியால் வெளுத்தது திரும்பாது.

ஒட்டும் பசைக்கு மட்டும் தனி வகுப்பே நடக்கும். பேணுநர்கள் அதிகம் கையாளும் பரலொயிட் பி-72 ஓர் அக்ரிலிக் பிசின், அசிட்டோனில் கரையும். ஐம்பது வருடம் கழித்தும் அசிட்டோன் தொட்டுக் கழற்றலாம் என்பதற்காகத்தான் அதைத் தெரிவு செய்கிறார்கள். கடையில் விற்கும் சூப்பர் குளூவும் எபொக்சியும் உறுதியாக ஒட்டும், ஆனால் தப்பாக ஒட்டிவிட்டால் பொருளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம்.

இதில் நெறியும் ஒரு பாடம். தோட்டத்துக் கோயில் உற்சவரைப் பூசாரி புளி போட்டுத் துலக்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புளியின் அமிலம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகத்தைக் கரைக்கும்; பல தலைமுறைக்குப் பிறகு முகமே மழுங்கிவிடும். அதற்காக ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாமா? அது வழிபாட்டிலிருக்கும் தெய்வம், நூதனசாலைக் காட்சிப்பொருள் அல்ல. ஊரோடு உட்கார்ந்து பேசி, துலக்கும் தடவையைக் குறைக்கலாமா, மெல்லிய துணியால் துடைத்தால் போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம், முடிவு அவர்களுடையது. பொருளைவிட அதற்கு உரியவர்கள் முக்கியம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் மக்களின் பொருளைக் கேட்காமலே எடுத்துப் போனவர்கள் நிறையப் பேர்.

வீட்டிலிருந்தே கையைப் பழக்குங்கள்

பல்கலைக்கழகம் தொடங்கப் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காலத்தை வீணாக்காதீர்கள். ஒரு கட்டுப்பாடு மட்டும்: பழைய பொருள் எதிலும் கைவைத்துப் பழகாதீர்கள். பாட்டியின் பித்தளைச் செம்பில்கூட வேண்டாம்.

சந்தையில் ஒரு புது மண்சட்டி வாங்குங்கள். வெளிப்புறம் பென்சிலால் நான்கைந்து கோடு போட்டுவிட்டு, சாக்குக்குள் வைத்து ஒரு தட்டுத் தட்டி உடையுங்கள். துண்டுகளைப் பெரிய தாளில் பரப்புங்கள். முதலில் பசையே வேண்டாம். விளிம்புத் துண்டுகளை ஒரு பக்கம், அடித்துண்டுகளை ஒரு பக்கம் எனப் பிரித்து, எது எதோடு சேருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சரியான இரண்டு துண்டுகள் சேரும்போது இடைவெளி மறைந்து இறுகும்; அந்த இறுக்கத்தைக் கண்ணுக்கு முன் விரல்தான் கண்டுபிடிக்கும். முழுச் சட்டியையும் மெல்லிய டேப்பால் பொருத்திப் பார்த்துவிட்டு, துண்டுகளுக்கு வரிசை எண் போடுங்கள். இது முக்கியம். வரிசை தப்பினால் கடைசித் துண்டுக்கு இடம் இருக்கும், ஆனால் உள்ளே போகாது; சுற்றியுள்ள துண்டுகள் வாசலை அடைத்திருக்கும்.

பிறகு ஒட்டுங்கள். பழகுவதற்குச் சாதாரண வெள்ளை மரப்பசை போதும், வெந்நீரில் இளகும். விளிம்பின் நடுவில் மெல்லிய கோடாகப் பூசினால் போதும், பிதுங்கி வழியக் கூடாது. ஒட்டிய துண்டை ஒரு பேசின் மணலில் செருகி, பாரம் நேரே கீழே இறங்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். கையால் பிடித்துக்கொண்டிருந்தால் நடுங்கும். முதல் மூட்டு ஒரு மயிரிழை விலகினாலும், ஐந்தாவது துண்டில் அது ஒரு விரல் இடைவெளியாக வளர்ந்து நிற்கும். அப்போது வெந்நீரில் போட்டுக் கழற்றி மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் திகதியோடு எழுதிப் படம் எடுத்து ஒரு கொப்பியில் ஒட்டிவையுங்கள். நேர்முகத்துக்கோ ஆய்வுகூடத்தில் தொண்டு வேலை கேட்கப் போகும்போதோ, சான்றிதழைவிட இந்தக் கொப்பி உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

இரண்டாவது பயிற்சி ஈரப்பதம். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்றை வாங்கி, வீட்டிலோ கோயில் களஞ்சியத்திலோ வைத்து, காலையிலும் மாலையிலும் எழுதி வாருங்கள். காற்றின் சார்பு ஈரப்பதம் 65–70 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மலையில் மழைக்காலத்தில் அது வாரக்கணக்கில் அப்படியே நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். இராக்குளிரில் லயத்தின் வெளிச்சுவர் குளிர்ந்துபோகும். சுவரோரத்துக் காற்றும் குளிர, அங்கே ஈரப்பதம் ஏறும். அதனால்தான் சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் பின்புறமும், ஆணியில் தொங்கும் படத்தின் முதுகும் முதலில் பூஞ்சணம் பிடிக்கிறது. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைப்பதும், படத்தின் பின்னால் இரண்டு தக்கைத் துண்டு வைத்துக் காற்றுப் போக விடுவதும் காசு செலவில்லாத பேணல்.

வீட்டுப் பத்திரங்களுக்கு லெமினேட் வேண்டாம் என்று அயலவர்க்கும் சொல்லுங்கள். தெளிவாகப் படம் எடுத்துப் பிரதி வைத்துக்கொண்டு, மூலத்தை மடிப்பு நீக்கி, அமிலமில்லாத தாள் உறையிலோ பொலியெஸ்டர் உறையிலோ போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வைத்தால் போதும். செலோடேப் ஒட்டவே கூடாது. வெள்ளிப்பூச்சி அரித்த புத்தகத்தைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 பாகைக் குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பிறகு அறைவெப்பத்துக்கு வரும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் தாள் வியர்த்துவிடும். பழைய புகைப்படங்களுக்கு இந்த முறை வேண்டாம், அவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்

கண்டி தேசிய நூதனசாலை தலதா மாளிகைக்கு அருகே, அரசியர் வாழ்ந்த பழைய மாளிகைக் கட்டடத்தில் இருக்கிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையொன்று தேயிலை நூதனசாலையாகியிருக்கிறது. இயந்திர இரும்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கம்பளைப் பக்கம் லயன் காம்பராக்களிலேயே அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். நம் பொருட்கள் நம் கூரையின் கீழேயே இருப்பது அங்கேதான். பேராதனைக்குக் கிட்ட இருக்கும் கடலாதெனிய விகாரை 1344இல் கணேஸ்வராச்சாரி என்ற சிற்பாசாரியின் தலைமையில் தென்னிந்தியப் பாணியில் கட்டிய கற்கோயில்; எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் இன்னொரு பாடம். போகும் இடமெல்லாம் பொருளை மட்டும் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியின் மூலையையும், விளக்கின் தூரத்தையும், கூரையின் ஒழுக்கையும் பாருங்கள்.

வெளிநாடு, செலவு, வேலை

பிரித்தானியாவில் கார்டிஃப் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜும் டர்ஹமும் இப்படிப்புக்குப் பேர்போனவை. கட்டணம் மிக அதிகம். பொதுநலவாயப் புலமைப்பரிசில், செவனிங் போன்றவை இல்லாமல் போக நினைக்க வேண்டாம். இந்தியாவில் டெல்லியை ஒட்டிய நொய்டாவிலுள்ள இந்திய மரபுரிமை நிறுவகத்தில் பேணலில் முதுமாணிப் படிப்பு உண்டு; செலவுக்கும் தட்பவெப்பத்துக்கும் நமக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். குளிர்நாட்டு நூதனசாலையின் தீர்வு நம் பூஞ்சணத்துக்கு எப்போதும் சரிவராது. ரோமிலுள்ள இக்ரொம் என்ற பன்னாட்டு நிறுவனம் குறுகியகாலப் பயிற்சிகளை நடத்துகிறது. சிகிரியா ஓவியங்களில் 1967இல் விஷமிகள் சாயம் பூசியபோது அவற்றை மீட்க வந்த இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி அதன் வழியாகத்தான் வந்தார்.

உள்நாட்டில் வேலை என்று பார்த்தால் தொல்பொருள் திணைக்களத்தின் இரசாயனப் பேணல் பிரிவு, தேசிய நூதனசாலைகள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், தேசிய சுவடிகள் திணைக்களம், பல்கலைக்கழக நூலகங்களின் ஏட்டுச் சுவடிப் பகுதிகள் ஆகியவை முக்கியமானவை. அரசாங்கப் பதவிகளுக்கான அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். இந்த இடங்களிலெல்லாம் அன்றாடப் பேச்சும் கடிதமும் பெரும்பாலும் சிங்களத்தில், தொழில்நுட்ப அறிக்கை ஆங்கிலத்தில். ஆகவே பட்டப்படிப்புக் காலத்திலேயே சிங்களம் எழுதப் பழகிக்கொள்ளுங்கள், பேசினால் மட்டும் போதாது. தொண்டுப் பயிற்சி கேட்டு எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: என்ன படிக்கிறீர்கள், எந்தப் பொருள்வகையில் ஆர்வம், எந்த மாதங்களில் வரமுடியும், தங்க இடம் இருக்கிறதா. சட்டி ஒட்டிய கொப்பியின் இரண்டு பக்கப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து நேரில் போய்க் கேளுங்கள்.